இஸ்தப்ரக்: பட்டின் பெயர் கொண்ட ஒரு குதிரையும் நான் பட்ட ஒரு கடனும்



கொஞ்சம் நீண்ட பதிவு. என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. தரம் 9 வகுப்பில் கடைசிப் பாடவேளை. நான் வரலாறு படிப்பிப்பவன். சொற்களும் வியாபாரிகளைப் போல நாடு விட்டு நாடு போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஜும்ஆ. எல்லோரும் ஸூரத்துல் கஹ்ஃப் ஓதுவார்கள். ஆகவே அந்த ஸூராவில் சுவர்க்கவாசிகளின் உடையைப் பற்றி வரும் இரண்டு சொற்களைப் பலகையில் எழுதினேன். ஸுந்துஸ், இஸ்தப்ரக். முதலாவது மெல்லிய பட்டு, இரண்டாவது தடித்த பட்டு. இஸ்தப்ரக் என்பது பாரசீகத்தில் இருந்து அரபுக்குப் போன சொல் என்று அறிஞர்கள் சொல்வார்கள். மருதமுனைக் கைத்தறிச் சாறனைத் தொட்டுப் பழகிய பிள்ளைகளுக்குத் துணியின் வித்தியாசம் சொல்லாமலே விளங்கும்.

பின் வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பினான்.

"சேர், இஸ்தப்ரக் எண்டா ரேஸ் குதிர தானே? வாப்பா சொல்லியிரிக்காரு."

வகுப்பே சிரித்தது. நான் ஏசினேன். "ஓதுற சொல்லக் குதிரப் பேராக்கிப் போட்டியா? ரேஸ் கடைக் கதையெல்லாம் வகுப்புக்குக் கொண்டு வராத." பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டான். மணி அடிக்கும் வரை நிமிரவே இல்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு மனம் கேட்காமல் தேடிப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. இஸ்தப்ரக் என்ற பெயரில் ஒரு குதிரை இருந்தது. அயர்லாந்தில் தடை தாண்டும் ஓட்டங்களில் ஓடிய குதிரை. அந்த நாட்டு மக்கள் இன்றைக்கும் மறக்காத குதிரை. வரலாறு படிப்பிக்கும் எனக்குத் தெரியாதது பின் வாங்குப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு கிடைத்த நேரமெல்லாம் அந்தக் குதிரையைப் பற்றித்தான் வாசித்தேன். வாசித்ததைச் சொல்கிறேன்.

*

முதலில் பெயர். அயர்லாந்துக் குதிரைக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது?

அதை வளர்ப்பித்தவர் டுபாயின் ஷேக் ஹம்தான் பின் ராஷித் அல் மக்தூம். டுபாயின் துணை ஆட்சியாளராகவும் ஐக்கிய அரபு இராச்சியத்தின் நிதி அமைச்சராகவும் நீண்ட காலம் இருந்து 2021இல் வஃபாத்தானவர். ஷெட்வெல் என்ற அவருடைய குதிரைப் பண்ணை உலகம் அறிந்தது. தன் குதிரைகளுக்குப் பெரும்பாலும் அரபுப் பெயர்களையே வைப்பார். 1990இல் இங்கிலாந்தின் ஓக்ஸ் ஓட்டத்தை வென்று, அதே ஆண்டு ஆண் குதிரைகளோடு ஓடி ஐரிஷ் டெர்பியையும் வென்ற அவருடைய பெண் குதிரையின் பெயர் ஸல்ஸபீல். ஸூரத்துல் இன்ஸானில் 18ஆவது வசனத்தில் சுவர்க்கத்து நீரூற்றின் பெயராக வரும் சொல் அது. அதே ஸூராவில் மூன்று வசனம் தள்ளி, 21ஆவது வசனத்தில் இஸ்தப்ரக் வருகிறது. ஸல்ஸபீலுக்கும் இஸ்தப்ரக்குக்கும் தகப்பன் ஒரே குதிரை. இப்படியான பெயரை விலங்குக்கு வைக்கலாமா என்று உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

குதிரை நமக்குத் தூரத்துப் பிராணி. வாவிக்கரையில் மாடும் ஆடும்தான். குதிரை பார்க்க வேண்டுமானால் நெடுந்தீவுக்குப் போக வேண்டும், அல்லது ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் ஓட்டம் நடக்கும்போது போக வேண்டும். ஆனால் தமிழ் பேசும் கடற்கரைக்கும் அரபுக் குதிரைக்கும் பழைய தொடர்பு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். மார்க்கோ போலோ இன்னொன்றையும் கவனித்தார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாமலே செத்துப்போயின. வாங்கியவனிடம் பணம் இருந்தது. குதிரையை அறிந்தவன்தான் பக்கத்தில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஐரோப்பாவின் ஓட்டக் குதிரைகளுக்கும் வேர் இந்தப் பக்கம்தான். தோமஸ் டார்லி என்ற ஆங்கிலேயர் சிரியாவின் அலெப்போ நகரில் வாங்கி 1704இல் இங்கிலாந்துக்கு அனுப்பிய ஓர் அரபுக் குதிரை, இன்று உலகெங்கும் ஓடும் உயர்சாதி ஓட்டக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தகப்பன் வழி மூதாதை. இஸ்தப்ரக்கும் அந்த வழியில் வந்ததுதான்.

*

இஸ்தப்ரக் பிறந்தது 1992 மே 23ஆம் திகதி. பெரிய இடத்துப் பிள்ளை. தகப்பன் சட்லர்ஸ் வெல்ஸ், பிரித்தானிய, அயர்லாந்து ஓட்டக் குதிரைகளின் தலைசிறந்த தகப்பன் என்ற இடத்தை 14 தடவை பிடித்தது. தாய் பெட்டிஸ் சீக்ரெட். தாயின் தகப்பன் 1973இல் அமெரிக்காவின் பெல்மொன்ட் ஓட்டத்தில் 31 குதிரை நீளம் முந்தி வந்த செக்ரட்டேரியட். அதே தாயின் இன்னொரு பிள்ளை செக்ரெட்டோ 1984இல் இங்கிலாந்தின் டெர்பியை வென்றது. ஒரு குதிரை நீளம் என்பது ஏறத்தாழ எட்டு அடி.

ஆசிரியர்களுக்கு விளங்கும் ஒரு விடயம் இங்கே இருக்கிறது. வட பகுதி நாடுகளில் உயர்சாதி ஓட்டக் குதிரைகளுக்கு எல்லாம் ஜனவரி 1ஆம் திகதி ஒரு வயது கூடும். ஜனவரியில் பிறந்ததும் மே கடைசியில் பிறந்ததும் ஒரே வயது என்று கணக்கிட்டு ஒன்றாக ஓடவிடுவார்கள். நம் நாட்டில் தரம் 1க்கு ஜனவரி 31ஐ வைத்து வயது பார்ப்பது போல. பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும். முதல் தவணையிலேயே "இது மந்தம்" என்று சின்னப் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்துவிடுவோம்.

இஸ்தப்ரக் முதலில் தடையில்லாத சமதரை ஓட்டங்களில்தான் ஓடியது. அங்கே முழுக்க முழுக்க வேகத்துக்குத்தான் மதிப்பு. பயிற்சி கொடுத்தவர் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் ஜோன் கொஸ்டன், பெரிய பயிற்சியாளர். 11 ஓட்டங்களில் 2 வெற்றிதான் கிடைத்தது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த குதிரைக்கு அது பெயில். 1996 கோடையில் விற்பனைக்கு விட்டுவிட்டார்கள்.

கொஸ்டனின் உதவியாளர்களில் ஜோன் டர்கன் என்ற இளம் அயர்லாந்துக்காரர் இருந்தார். முன்பு தொழில்முறை அல்லாத ஜொக்கியாகக் குதிரை ஓட்டியவர். இஸ்தப்ரக்கை ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து "வேகம் போதாது" என்றார்கள். டர்கன் குதிரையையே பார்த்தார். இது தடை ஓட்டத்துக்கான குதிரை என்று அவருக்குப் பட்டது.

தடை ஓட்டம் என்றால் என்ன? குறைந்தது மூன்றரை அடி உயரத்தில் சுள்ளி செருகிய வேலித் துண்டுகளைப் பாதையில் நிறுத்தியிருப்பார்கள். குதிரை அதை ஓடிவந்த வேகம் குறையாமல் தாண்ட வேண்டும். ஆகக் குறைந்த தூரமே ஏறக்குறைய இரண்டு மைல். வேகம் மட்டும் இருந்தால் போதாது. மூச்சு வேண்டும், கால் அளவு வேண்டும், தடையைக் கண்டு பதறாத மனம் வேண்டும். சமதரையில் இரண்டாம் தரமான குதிரை இங்கே முதல் தரமாகலாம்.

டர்கன் தன் சொந்தப் பயிற்சிக் கூடம் தொடங்க இருந்த நேரம் அது. அயர்லாந்தின் லிமெரிக்கைச் சேர்ந்த செல்வந்தர் ஜே.பி. மெக்மனஸை அணுகி, இந்தக் குதிரையை வாங்குங்கள், நான் பயிற்சி கொடுக்கிறேன் என்றார். மெக்மனஸ் நம்பினார். 38,000 கினி விலை. ஒரு கினி என்பது ஒரு பவுண் ஐந்து பென்ஸ், ஆக 39,900 பவுண்.

குதிரை கைக்கு வந்து கொஞ்ச நாளிலேயே டர்கனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிய வந்தது.

சிகிச்சைக்குப் போக வேண்டிய மனிதர், குதிரையைக் கட்டி வைத்துத் தனக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. தான் சுகமாகி வரும் வரை எய்டன் ஓ'பிரையனிடம் கொடுங்கள் என்று சொன்னார். ஓ'பிரையனுக்கு அப்போது 26 வயது. இன்று உலகின் முதல் வரிசைப் பயிற்சியாளர். தான் கண்டெடுத்த குதிரையை இன்னொருவர் கையில் கொடுத்து, இதை இப்படிக் கவனியுங்கள் என்று சொல்வதற்கு மனம் பெரிதாக இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் நாம் தொடங்கிய வேலையை அடுத்தவரிடம் மனதாரக் கொடுப்போம்?

*

1996 நவம்பரில் அயர்லாந்தின் பன்ச்ஸ்டவுன் மைதானத்தில் முதல் தடை ஓட்டம். தோல்வி. நோபல் தைன் என்ற குதிரையிடம் ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றது. மேலே இருந்தவர் சார்லி ஸ்வான். அன்று தொடங்கிக் கடைசி நாள் வரை, தடை ஓட்டங்களில் இந்தக் குதிரை மீது வேறு ஜொக்கி ஏறவில்லை.

அதற்குப் பிறகு இஸ்தப்ரக் ஓர் ஆண்டுக்கு மேல் தோற்கவே இல்லை. 1997 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்ட்டனம் திருவிழாவில் புதிய குதிரைகளுக்கான பெரிய ஓட்டத்தை வென்றது. செல்ட்டனம் தடை ஓட்டங்களின் தலைமை மைதானம். மார்ச் மாதத்தில் அயர்லாந்தின் பாதிச் சனம் கடல் கடந்து அங்கேதான் நிற்கும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்த வெற்றியின்போது டர்கன் உயிரோடு இருந்தார்.

1998 ஜனவரியில் ஜோன் டர்கன் இறந்தார். வயது 31.

இரண்டு மாதம் கழிந்து மார்ச் 17. அயர்லாந்தின் தேசிய நாளான புனித பேட்ரிக் தினம். செல்ட்டனத்தில் சம்பியன் ஹேர்டில். தடை ஓட்டத்தில் இதற்கு மேல் பட்டம் கிடையாது. இஸ்தப்ரக் 12 குதிரை நீளத்தால் வென்றது. ஏறக்குறைய நூறு அடி! ஒரு பெரிய வகுப்பறைக் கட்டடத்தின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் அவ்வளவு இடைவெளியில் வென்றதில்லை. குதிரையைக் கண்டெடுத்தவர் அதைக் காண இல்லை. இன்று பன்ச்ஸ்டவுனில் ஒவ்வோர் ஆண்டும் ஜோன் டர்கன் பெயரில் ஒரு நினைவு ஓட்டம் நடக்கிறது. இஸ்தப்ரக் தன் முதல் தடை ஓட்டத்தில் தோற்ற அதே மைதானம்.

1998 ஏப்ரலில் ஏன்ட்ரி மைதானத்தின் சேற்றில் பிரிட்வெல்லிடம் ஒரு தலையளவில் தோற்றது. 1999இல் சம்பியன் ஹேர்டில் இரண்டாவது தடவை. அந்த ஆண்டுக் கடைசியில் அயர்லாந்தில் லைம்ஸ்டோன் லாட் என்ற குதிரை முன்னாலேயே ஓடிப்போய்த் தோற்கடித்தது. 2000 மார்ச்சில் செல்ட்டனத்துக்குப் போன இடத்தில் மூக்கில் இரத்தக் கசிவு கண்டு, ஓட விடுவதா வேண்டாமா என்று எல்லோரும் கலங்கினார்கள். ஓடியது. நான்கு நீளத்தால் மூன்றாவது தடவையும் வென்றது. மூன்று தடவை சம்பியன் ஹேர்டில் வென்ற குதிரைகள் இதுவரை ஐந்துதான். நான்கு தடவை வென்றது எதுவும் இல்லை.

நான்காவது தடவை இஸ்தப்ரக்குக்குக் கிடைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2001 ஜனவரியில் ஐரிஷ் சம்பியன் ஹேர்டிலை நான்காவது தடவை வென்றிருந்தது. ஆனால் அந்த ஆண்டு பிரித்தானியாவில் கால்வாய் நோய் பரவியது. படுவான்கரையில் மாடு வளர்ப்பவர்களுக்கு அந்த நோயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். குதிரைக்கு அந்த நோய் வராது. ஆனால் செல்ட்டனம் மைதானத்தில் செம்மறி ஆடுகள் மேய்ந்திருந்தன. திருவிழாவை முதலில் ஒத்திப்போட்டார்கள், பிறகு இரத்துச் செய்தார்கள். குதிரை நல்ல நிலையில் இருந்த ஆண்டு சும்மா போயிற்று. பரீட்சை எழுதத் தயாராக இருந்தும் நாட்டு நிலைமையால் எழுத முடியாமற்போன பிள்ளைகள் நம் பகுதியிலும் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த வரி விளங்கும்.

வயதும் ஏறியது. 2000 டிசம்பரில் ஒரு தடவையும் 2001 வசந்தத்தில் ஒரு தடவையும் விழுந்தது. 2001 டிசம்பரில் டப்ளின் பக்கத்து லெப்பர்ட்ஸ்டவுனில் மயிரிழையில் ஒரு வெற்றி. அதுதான் கடைசி வெற்றி.

2002 மார்ச் 12. மீண்டும் செல்ட்டனம். பத்து வயது. முதல் தடையைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. கால் சரியில்லை என்று சார்லி ஸ்வானுக்குத் தெரிந்துவிட்டது. கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். ஓட்டம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் குதிரையின் மீது பணத்தைக் கட்டி இழந்த ஆயிரக்கணக்கான மக்கள், நின்றுபோன குதிரைக்குக் கைதட்டினார்கள். தடை ஓட்டங்களில் மொத்தம் 29 தடவை ஓடி 23 தடவை வென்றிருந்தது.

*

இதை எல்லாம் வாசித்து முடித்த பிறகு, ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வரும் வழியில் அந்தப் பிள்ளையின் வாப்பாவைக் கண்டேன். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். பிளேன்டீ குடிக்கக் கூப்பிட்டேன். "காக்கா, இஸ்தப்ரக் குதிரைய உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் நாட்டு ரேஸ் கடைகளைப் பற்றி இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஓடும் குதிரைகளுக்கு இங்கே இருந்துகொண்டு பணம் கட்டும் கடைகள். வாழ்நாளில் ஒரு குதிரையைத் தொட்டுப் பார்க்காத மனிதர்கள், செல்ட்டனத்தில் மழையா வெயிலா என்று சொல்வார்கள்.

காக்கா சொன்னதை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

"2002 சேர். ஒப்பந்தம் கைச்சாத்தாகி மூணு கிழம கூட ஆகல்ல. ரோட்டெல்லாம் தொறந்த நேரம். பெரும்போக நெல்லு வித்த காசு கையில. டவுனுக்குப் போனன். அந்தக் குதிர தோக்காதெண்டு எல்லாருக்கும் நம்பிக்க. ஹராமெண்டு தெரியும். ஆனா ஒருத்தன் சொன்னான், பேரப் பாருங்கடா, குர்ஆன்ல வாற பேரு, அதுக்குப் போட்டா பறக்கத்து எண்டு. நாங்களும் நம்பினம் சேர். பாதிக் காசக் கட்டினன்."

"மறுகா?"

"ரெண்டு தட பாஞ்சிச்சு. மறுகா அதுட பேரு கேக்கவே இல்ல. விட்டதப் புடிக்கிறதெண்டு அடுத்த நாளும் போனன். மறுநாளும் போனன். பத்து வருஷம் போனன். உம்மாட காணித் துண்டும் அதிலதான் போச்சு. அந்தக் குதிரைக்கு மேல ஒருத்தன் இருந்தான், நிப்பாட்டினான். எனக்கு மேல ஆரும் இல்ல சேர்."

அல்லாஹ் இருந்தானே காக்கா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்தப் பத்து வருடமும் அவரை வீதியில் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன்.

"மகனுக்கு ஏன் சொன்னீங்க?"

"அவன் அந்தக் கடப் படியில ஏறக் கூடாதெண்டு சொன்னன். குதிரட பேரையும் சொல்லித்தான் சொன்னன். பேரு நல்லா இருந்தாலும் ஏமாறாத மனே எண்டு."

நான் வகுப்பில் ஏசியது இந்தக் கதையைத் தெரிந்து வைத்திருந்த பிள்ளைக்குத்தான்.

*

குதிரை ஓட்டம் என்று எழுதியதும் சிலருக்குக் கோபம் வரலாம். தமிழில் பந்தயம் என்ற ஒரே சொல்லுக்குள் ஓட்டமும் இருக்கிறது, பணம் கட்டுவதும் இருக்கிறது. இரண்டும் வேறு. குதிரைகளைப் பழக்கி ஓடவிடுவது மதீனாவில் நபி (ஸல்) அவர்களே செய்வித்த காரியம். பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு அல் ஹஃப்யாவில் இருந்து தனிய்யத்துல் வதா வரைக்கும், பயிற்றப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளி வரைக்கும் என்று இரண்டு விதமாகத் தூரம் வைத்ததை இப்னு உமர் (ரழி) அவர்களின் அறிவிப்பு சொல்கிறது. தகுதிக்கு ஏற்ற தூரம். பழகாத குதிரையைப் பழகியதோடு ஓடவிட்டு "நீ தோற்றவன்" என்று சொல்லவில்லை. ஆசிரியனாக இந்த ஹதீஸை நான் இவ்வளவு காலமும் இந்தக் கண்ணோடு வாசிக்கவில்லை என்று வெட்கப்படுகிறேன்.

பணம் கட்டுவது சூது. அதில் இரண்டு பேச்சு இல்லை. இஸ்தப்ரக்கின் எசமான் மெக்மனஸ் கூட ஒரு காலத்தில் பந்தயக்காரராகவே பெயர் எடுத்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குதிரைக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. தன் மீது யார் எவ்வளவு கட்டினார், யாருடைய வயல் போனது, எதுவும் தெரியாமல் அது தடையைத் தாண்டியது.

மெக்மனஸிடம் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. இஸ்தப்ரக் நலமடித்த குதிரை. தடை ஓட்டக் குதிரைகள் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே ஓட்டம் முடிந்த பிறகு குட்டி போட வைத்துக் காசு பார்க்க வழியில்லை. வருமானம் இல்லாத விலங்கு. அதை லிமெரிக்கில் உள்ள தன் மார்ட்டின்ஸ்டவுன் பண்ணையில் 22 வருடம் வைத்துப் பராமரித்தார். ஆட்கள் அதைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். 2024 ஜூலை மாதத் தொடக்கத்தில் 32ஆவது வயதில் அது இறந்தது. குதிரைக்கு அது நல்ல முதிய வயது. அயர்லாந்துப் பத்திரிகைகள் ஒரு பெரிய மனிதரின் மரணம் போல எழுதின. உழுது களைத்த மாட்டை அடுத்த கிழமையே விலை பேசுகிற நமக்கு இதில் யோசிக்க இருக்கிறது.

முன்னே சொன்ன காயல் குதிரைகளை நினைத்துப் பாருங்கள். அங்கே பணம் இருந்தது, குதிரையை அறிந்தவன் இல்லை. இங்கே 11 ஓட்டத்தில் 9 தோற்றுக் கழித்துவிட்ட குதிரைக்கு, அதை அறிந்த ஒருவன் பக்கத்தில் இருந்தான். அந்த ஒருவன் இல்லாவிட்டால் இஸ்தப்ரக் என்ற சொல் அயர்லாந்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. தன் உழைப்பின் பெரிய பலனைப் பார்க்க அவனுக்கு ஆயுள் இருக்கவில்லை. ஆசிரியத் தொழிலும் பெரும்பாலும் அப்படித்தான்.

*

போன வியாழக்கிழமை, அதே பாடவேளையில், அந்தப் பிள்ளையை முன்னுக்குக் கூப்பிட்டேன். பயந்துகொண்டே வந்தான். வகுப்புக்குச் சொன்னேன்: "அண்டைக்கு இவன் சொன்னது சரி. பிழ விட்டது நான். எல்லாருக்கும் முன்னால ஏசினன், அதால எல்லாருக்கும் முன்னால சொல்றன், மன்னிச்சுக்க மனே."

வகுப்பு அமைதியாக இருந்தது. அவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"சேர், அந்தக் குதிர இப்ப எங்க இரிக்கி?"

சொக்கட்டியை அவன் கையில் கொடுத்தேன். உலகப் படத்தில் அயர்லாந்தைக் காட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் தேடிக் கண்டுபிடித்தான். பிறகு நான் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

உங்கள் வீட்டிலும் பின் வாங்குப் பிள்ளை ஒன்று இருக்கலாம். அது எதையாவது சம்பந்தம் இல்லாமல் சொன்னால், ஏசுவதற்கு முன் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.